நீலப் பசை

அந்தப் பட்டறையில் கழுவாத பொருள் என்று ஒன்று இருந்தால் அது கூரை மட்டும்தான். ஏணி எட்டியிருந்தால் பட்டறைக்காரர் அதையும் கழுவியிருப்பார். வண்டியிலிருந்து கழற்றிய எதுவாக இருந்தாலும், குப்பைக்குப் போகிற சாமானாகவே இருந்தாலும், மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, பழைய பனியன் துணியால் துடைத்த பிறகுதான் கீழே வைப்பார். அதனால் ஊரில் அவருக்குப் பளிச்சு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வரிக் காகிதத்தில் இருக்கலாம், நான் கேட்டதில்லை.

பக்கத்துச் சுவர் என்னுடையது. டயர் கழற்றுவேன், மாட்டுவேன், காற்றடிப்பேன். பதினாறு வருஷப் பழக்கம். அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன், அவர்கள் மகளுக்கு நான் மாமா. முறை போட்டுப் பார்த்தால் எங்கேயோ இடிக்கும். யாரும் போட்டுப் பார்க்கவில்லை. காலை ஏழரைக்கு அக்கா கையால் ஒரு டம்ளர் டீயும், அவித்த முட்டையில் பாதியும் எனக்கு உண்டு. மற்றப் பாதி அண்ணனுக்கு.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. மாற்றிய பழைய சாமானைக் கழுவி, புதுச் சாமான் வந்த அட்டைப் பெட்டியிலேயே அடுக்கி, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார். "உன் வண்டியில இருந்தது உன்னோடது. இவன் மாத்தினானா மாத்தலையான்னு உனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரக் கூடாது" என்பார். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஒரு அம்மாள் மட்டும் பழைய கிளட்ச் தட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்தாள். அவளைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம் பூரித்துப்போகும்.

சனிக்கிழமை வந்தது மலை வண்டி. எட்டுப் பேர் உட்காரும் வெள்ளை டீசல் வண்டி. தினமும் காலையில் ஏழு ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வரும். அந்த ஏழு பேரில் ஒருத்தி அக்காவின் மகள். கணக்கு டீச்சர். வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை.

டிரைவர் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். அணையும்போது உள்ளே யாரோ பாத்திரக் கூடையைக் கவிழ்த்த மாதிரி கடகடவென்று ஒரு சத்தம்.

"இன்னொரு தடவை" என்றார் அண்ணன். பானெட்டைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

டிரைவர் மறுபடி ஓட்டி அணைத்தான். கடகட.

"கிளட்ச் மட்டும் இல்ல தம்பி. டபுள் ப்ளைவீலும் போச்சு."

"அது என்னண்ணே டபுள்?"

அண்ணனுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "அந்தக் காலத்து வண்டில எஞ்சினுக்குப் பின்னாடி ஒரே இரும்புத் தட்டு. எஞ்சின் குலுங்கினா அதுவும் குலுங்கும், கியர்பாக்ஸும் குலுங்கும், உன் இடுப்பும் குலுங்கும். இதுல ரெண்டு தட்டு. ஒண்ணு எஞ்சினோட ஒட்டினது, இன்னொண்ணு கிளட்சோட ஒட்டினது. நடுவுல வளைஞ்ச ஸ்பிரிங். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல உக்காந்து ரெண்டு பக்கத்து அடியையும் வாங்கிக்குவானே ஒரு பையன், அவன்தான் அந்த ஸ்பிரிங். அவன் தளந்துட்டான்னா ரெண்டு பேரும் நேரா மோதிக்குவாங்க. அதான் நீ கேட்ட சத்தம்."

"மாத்திடுங்க. திங்கக்கிழமை காலைல டீச்சருங்களை ஏத்தணும்."

"என் பொண்ணும்தான்பா அதுல போறா. எனக்குத் தெரியாதா?"

அக்கா போன் போட்டு இரண்டு மணி நேரத்தில் சாமானை வரவழைத்துவிட்டாள். எந்த வண்டிக்கு எந்த எண், எந்தக் கம்பெனி, எப்போது வரும், எல்லாம் அவள் பொறுப்பு. புது ப்ளைவீல், கிளட்ச் தட்டு, ப்ரெஷர் தட்டு, பேரிங், ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் எட்டு போல்ட்.

அந்த எட்டு போல்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கே தெரியாது. எனக்குத் தெரிந்த போல்ட் சக்கர போல்ட். ஆயிரம் தடவை கழற்றலாம், ஆயிரம் தடவை மாட்டலாம். ப்ளைவீலை எஞ்சினோடு பிடித்து வைக்கிற போல்ட் அப்படி இல்லை. இறுக்கும்போது கொஞ்சம் நீண்டு, அந்த இழுப்பில்தான் அது பிடிக்கும். ஒரு தடவை நீண்டது நீண்டதுதான். கழற்றிவிட்டால் தூக்கிப்போட வேண்டும். திரும்ப மாட்டினால் பார்வைக்குப் பிடித்த மாதிரியே இருக்கும், ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது தெரியும். புது போல்ட்டின் திருகு மரையில், ஓட்டத்தில் தளர்ந்துவிடாமல் இருக்க, காய்ந்த பசை பூசி வரும். நீல நிறம்.

கியர்பாக்ஸை இறக்க நானும் கை கொடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம் தூறல் பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சத்தம் போட்டுப் பேசினால்தான் கேட்கும். பழைய போல்ட் எட்டையும் அண்ணன் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டார். அரை மணி நேரம் கழித்துக் கம்பி பிரஷ்ஷால் மரை மரையாகத் தேய்த்து, துடைத்து, ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்தார். இன்னொரு தட்டில் உறையைப் பிரித்துப் புது போல்ட்டுகளைக் கொட்டினார். இரண்டு தட்டும் அக்கா சமையலறையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பியவை, ஒரே அளவு.

புது ப்ளைவீலைத் தூக்கிப் பொருத்தியாயிற்று. டார்ச் என் கையில். அண்ணன் கையை நீட்டி இரண்டு தட்டிலும் துழாவினார். ஒன்றில் ஒரு போல்ட்டை எடுத்துக் கட்டைவிரலால் மரையை உருட்டிப் பார்த்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றில் ஒன்றை எடுத்து உருட்டினார். பிறகு அந்தத் தட்டை முழங்கால் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் இதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் என் கடை வாசலில் ஒரு ஆள் டயரோடு நனைந்துகொண்டு நின்றான், என் புத்தி அங்கே இருந்தது.

"எவ்வளவு வெச்சிருக்குன்னு பாரு" என்று, போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று எண் வைத்துத் திருகுகிற டார்க் ரென்ச்சின் கைப்பிடியை என்னிடம் திருப்பினார்.

நான் எண்ணைப் படித்தேன். "அறுபது."

"சரி."

இதுவும் சொல்ல வேண்டும். அந்த எண்ணை அவர் தானாகப் படித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முதலில் வெளிச்சம் போதவில்லை என்றார். பிறகு கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றார். ஒரு நாள் டீ டம்ளரை மேஜைக்கு ஒரு விரற்கடை தள்ளி வைத்தார், டம்ளர் கீழே விழுந்தது. அன்றைக்கு நான் கேட்டேன். "வலது கண்ணு புகையா இருக்குடா. இடது கண்ணு கொஞ்சம் தேவலை. அக்காகிட்ட மூச்சு விடாத. கண்ணு தெரியாதவன்னு பேரு வந்துச்சுன்னா ஒரு நாய்கூட இங்க வண்டிய விடாது" என்றார். நான் மூச்சு விடவில்லை. எண் படித்துச் சொல்வேன், டார்ச் பிடிப்பேன், என் வேலைக்குப் போவேன். அவர் கையையும் காதையும் பார்த்தவர்களுக்கு, கண் எதற்கு என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதை இன்றைக்கு நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சாயங்காலம் வண்டி ஜாக்கிலிருந்து கீழே இறங்கியது. ஓட்டி அணைத்தார்கள். சத்தமே இல்லை. டிரைவர் சிரித்தான். அட்டைப் பெட்டியை அண்ணன் நீட்டியபோது, "திங்கக்கிழமை வாங்கிக்கறேண்ணே, இப்ப பின்னாடி இடம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பெட்டி மேஜை மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருந்தது. மழை விடவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மகள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பியதை நான் பார்த்தேன். "மாமா, மழைக்கோட்டு பள்ளிக்கூடத்துலயே இருக்கு, குடை மட்டும் குடுங்க" என்று என் குடையை வாங்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். வண்டி வந்தது, ஏறினாள்.

ஏழரைக்கு நான் டீக்குப் போனேன். கூரை ஒழுகி மேஜை ஓரம் நனைந்திருந்தது. அக்கா அட்டைப் பெட்டியின் அடிப்பக்கம் ஊறிப்போயிருப்பதைப் பார்த்து, "ஐயோ, பிஞ்சுடும்போல இருக்கே" என்று உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பழைய கிளட்ச் தட்டு, ப்ரெஷர் தட்டு, பேரிங். கடைசியில் ஒரு கைப்பிடி போல்ட்.

அப்படியே நின்றாள். ஒரு போல்ட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

"என்னங்க, இது யாரு போட்டது இதுல?"

அண்ணன் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். "நான்தான். பழைய போல்ட்டு."

"இதுவா பழசு?"

அவர் கையை நீட்டினார். அக்கா ஒன்றைக் கொடுத்தாள். கட்டைவிரலால் மரையை உருட்டினார். "பழசுதாம்மா. கழுவியும் பிசுக்குப் போகல பாரு, சொரசொரன்னு இருக்கு. சனிக்கிழமை நானே பார்த்தேன், இதை இன்னொரு தடவை தேய்க்கணும்னு நெனச்சேன், மழைல விட்டுட்டேன்."

"அது பிசுக்கு இல்லைங்க." அக்காவின் குரல் தாழ்ந்தது. "பசை. காஞ்ச பசை. இன்னும் ஒரு சுத்துகூட ஏறாத பசை."

அண்ணன் விரல் மட்டும் அந்த மரையின்மேல் போய் வந்துகொண்டிருந்தது. அவர் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்த பழைய போல்ட் விரலுக்குப் புதிதாகத் தெரிந்திருக்கிறது. பசை பூசிய புதியது அழுக்காகத் தெரிந்திருக்கிறது. வேறு எந்தப் பட்டறையிலாவது இப்படி நடக்குமா? பழைய போல்ட்டை யார் கழுவுகிறார்கள்?

"அவசரத்துல தட்டு மாறிடுச்சு" என்றார். முகம் சாம்பலாகிவிட்டது.

"மணி என்ன?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"ஏழு நாப்பது."

"ஏழரைக்கே ஏத்தம் ஆரம்பிச்சிருக்கும்."

மகளுக்குப் போன் போட்டாள். மலைப் பாதையில் போன் எடுக்காது என்பது தெரிந்தும் மூன்று தடவை போட்டாள். டிரைவருக்குப் போட்டாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, இத்தனை சீக்கிரம் அங்கே யார் இருப்பார்கள்? நான் டயர் ஏற்றுகிற என் சின்ன லாரியின் சாவியை எடுத்தேன். அண்ணன் செருப்பைக்கூடத் தேடாமல் வந்து ஏறினார். அக்கா போனோடு வாசலில் நின்றாள். "பாத்துப் போ" என்று என்னிடம்தான் சொன்னாள், அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

ஏற்றத்தில் பனி இறங்கியிருந்தது. வைப்பர் ஒரு பக்கம்தான் ஒழுங்காகத் துடைக்கும். அண்ணன் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிக்கொண்டார், மழை முகத்தில் அடித்தது.

"அந்த போல்ட்டு போனா என்னண்ணே ஆகும்?"

"ஒண்ணு போனா ஒண்ணும் ஆகாது. மத்த ஏழு தாங்கும். ரெண்டாவது போச்சுன்னா மத்த ஆறுக்கும் பாரம் ஏறும். அப்புறம் வரிசையா போகும்." முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். "அந்த ப்ளைவீல் பதினாலு கிலோ. சுத்திக்கிட்டே கழண்டுச்சுன்னா கியர்பாக்ஸ் கூட்டை உடைச்சுக்கிட்டு வெளிய வரும். அதுக்கு மேலதான் முன் சீட்டு."

மகளுக்குத் தலைசுற்றல் உண்டு. எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவாள். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஐந்தாவது வளைவில் ரோட்டில் எண்ணெய் வழிந்து மழைத் தண்ணீரில் கலர் கலராக ஓடிக்கொண்டிருந்தது. "நிறுத்து" என்றார், நான் சொல்லும் முன்பே, வாசனையை வைத்து. இறங்கிப்போய்க் குனிந்து விரலில் தொட்டு முகர்ந்தார். இரண்டு விரலுக்கும் நடுவே தேய்த்தார்.

"வெறும் டீசல். லாரி டேங்க்ல வழிஞ்சது. கியர் ஆயில் இல்ல. போ."

ஒன்பதாவது வளைவில் கூட்டம். குடைகளாகத் தெரிந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். "என்னடா அது, என்னடா" என்று அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது. மரக்கிளை ஒன்று ஒடிந்து விழுந்திருந்தது, பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி அதை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வண்டி ஏதாவது போனதா என்று கேட்டேன். கிளை விழுமுன் ஒன்று போனது என்றார்கள். அது எந்த வண்டி என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் வரை அண்ணன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் அந்த நீலப் பசை போல்ட் ஒன்றை வைத்திருந்தார். எப்போது எடுத்து வந்தார் என்று தெரியாது.

வண்டி பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். டிரைவர் உள்ளே சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்து எழுந்தான்.

"என்னண்ணே, இவ்வளவு தூரம்?"

"சாவியைக் குடு."

"எதுக்கு? வண்டி வெண்ணெய் மாதிரி ஏறுச்சு. கடைசியில அணைக்கறப்ப மட்டும் லேசா மணி ஆடின மாதிரி ஒரு சத்தம். இங்க பாருங்க, ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன்."

"தொடாத." அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. டிரைவர் கையை எடுத்துக்கொண்டான். சாவியை வாங்கி அண்ணன் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

அப்போது இடைவேளை மணி அடித்தது. பனி விலகி வெளிச்சம் வந்திருந்தது. ஆசிரியர்கள் வராந்தாவுக்கு வந்தார்கள், எல்லாருக்கும் பள்ளியில் கொடுத்த ஒரே தினுசுச் சாம்பல் நிற மழைக்கோட்டு. எங்களைப் பார்த்து இரண்டு பேர் படியிறங்கி முன்னால் வந்தார்கள்.

அண்ணன் விறுவிறுவென்று நடந்தார். முன்னால் வந்தவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கண்ணு, ஒண்ணும் ஆகலையே? அப்பாவ மன்னிச்சுடு கண்ணு. வந்துட்டேன்" என்றார்.

அந்தப் பெண் திகைத்துப்போய் நின்றாள். கையை உருவிக்கொள்ளவும் இல்லை, பாவம். அவளுக்கு நாலடி இடதுபக்கம், கையில் சாக்பீஸ் தூளோடு, மகள் நின்றாள்.

"அப்பா" என்றாள். "நான் இங்க இருக்கேன்."

அவர் தலையைத் திருப்பினார். குரல் வந்த பக்கம் திருப்பினார், முகம் இருந்த பக்கம் இல்லை. பிடித்த கையை மெதுவாக விட்டார். "பனி" என்றார். "பனில ஒண்ணும் தெரியல."

மகள் வானத்தைப் பார்த்தாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அதுவே அவளுக்குப் பதிலாகப் போயிற்று.

மற்ற ஆசிரியர்கள் சாயங்காலம் பஸ்ஸில் இறங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். மகள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்தாள். மலை வண்டியையும் டிரைவரையும் தூக்கு லாரியில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் இறங்கினோம். சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவள். சாப்பாட்டு டப்பா மடியில் திறக்காமல் இருந்தது. வழியில் ஒரே ஒரு தடவை அப்பாவின் கையிலிருந்த போல்ட்டை வாங்கி, திருப்பிப் பார்த்து, அவர் கையிலேயே வைத்தாள்.

பட்டறையில் அக்கா மகளைக் கட்டிக்கொண்டாள். முதுகைத் தடவிக்கொண்டே, "பயந்துட்டியா?" என்று கேட்டாள்.

"அம்மா, அப்பா வேற டீச்சர் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பக்கத்துல நின்ன என்னை அவருக்குத் தெரியல."

அக்கா உள்ளே போய் டார்ச்சை எடுத்து வந்தாள். "கியர்பாக்ஸை இறக்குங்க" என்றாள்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கியர்பாக்ஸ் மறுபடி இறங்கியது. டார்ச் இந்தத் தடவை அக்கா கையில். அதன் கூட்டைப் பின்னால் இழுத்தபோது உள்ளேயிருந்து ஏதோ உருண்டு வந்து கீழே இருந்த தட்டில் டிங்கென்று விழுந்தது. ஒரு போல்ட்டின் தலை, கழுத்தோடு ஒடிந்தது. மிச்சம் ஏழில் இரண்டை அக்கா ரென்ச் இல்லாமல் வெறும் விரலால் திருகி எடுத்தாள். மூன்றாவதன் கழுத்தில் மயிர் போல ஒரு விரிசல். இறக்கத்தில் அவர்கள் திரும்பி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. டிரைவர் போய் வாசல்படியில் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டான்.

அண்ணன் குனிந்து தட்டைத் துழாவி அந்த ஒடிந்த தலையை எடுத்தார். கை தன்பாட்டில் மண்ணெண்ணெய்ச் சட்டிப் பக்கம் போயிற்று.

"கழுவாதீங்க" என்றாள் அக்கா. "அது அப்படியே இருக்கட்டும்."

கை நின்றது. எதைச் செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. ஒடிந்த போல்ட் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "சனிக்கிழமை டார்க் ரென்ச்சுல நம்பரை யாரு படிச்சது?"

"நான்."

"எத்தனை நாளா நீ படிக்கறே?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. "எட்டு மாசமா அக்கா."

"எட்டு மாசமா." அவள் கோபப்படவில்லை. "தினம் என் கையால டீ வாங்கிக் குடிச்சுக்கிட்டு."

"அவனைச் சொல்லாத" என்றார் அண்ணன் தரையிலிருந்து. "நான்தான் சொல்லக் கூடாதுன்னேன். எங்கப்பாவுக்குக் கண்ணுல கத்தி வெச்சாங்க, அதோட இருந்த வெளிச்சமும் போச்சு. எனக்குப் பயம். அதுவும் இதுவுமா நாளைத் தள்ளிட்டேன். கை சொல்லிடும்னு நெனச்சேன். இத்தனை வருஷமா கை பொய் சொன்னதில்லை."

"உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னா அதுக்கு நான் அழுதுக்கறேன், அது நம்ம வீட்டுக்குள்ள" என்றாள் அக்கா. "இப்ப அது இல்ல விஷயம். இந்த எட்டு மாசத்துல ப்ளைவீல் வரைக்கும் கழட்டினது எத்தனை வண்டி?"

எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. மகள் உயிரோடு வந்தாள், வீடு தப்பித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார், வண்டி எண்ணை வைத்து அல்ல, சத்தத்தை வைத்து. பேக்கரி வேன், ரிவர்ஸில் கத்தும். நர்சம்மாவின் சிவப்பு வண்டி, கிளட்ச் வழுக்கும். மூன்று வாடகை வண்டி. தச்சுப் பட்டறைக்காரருடையது. "அப்புறம், போன மாசம்..." என்று நிறுத்தினார்.

"போன மாசம்?"

"ஆம்புலன்ஸ்."

ஞாபகம் வந்தது. அன்றைக்கும் எண்ணைப் படித்தது நான்தான். அன்றைக்கும் இரண்டு தட்டு இருந்தது. எந்தத் தட்டு முழங்கால் பக்கம் போனது என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன், எனக்கு நினைவில்லை. பழைய சாமான் பெட்டியை அந்த டிரைவர் வாங்கிக்கொண்டு போய்த் தெருமுனைத் தொட்டியில் போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அக்கா வேலை நோட்டைப் பிரித்து எண்ணைத் தேடினாள். மகள் விளக்கைப் போட்டாள். போன் மேஜை மேல், எல்லாருக்கும் கேட்கும்படி. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"பட்டறையிலிருந்து பேசறேன் தம்பி. போன மாசம் கிளட்ச் மாத்தினோமே. வண்டி இப்ப நிக்குதா, ஓடுதா?"

"என்னக்கா? கேக்கல. அப்புறம் பேசறேன், உள்ள ஆள் இருக்கு." அவன் குரலுக்குப் பின்னால் சைரன் ஒலித்தது. அதற்கும் அடியில் எஞ்சின் இரைந்தது.

"வைக்காத தம்பி. எங்க இருக்கே? தம்பி?"

இணைப்பு அறுபடவில்லை, ஆனால் அவன் பதில் சொல்லவும் இல்லை. போனை மடியில் போட்டிருப்பான். சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தரையில் உட்கார்ந்திருந்த அண்ணன் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். சைரனை விட்டுவிட்டு அதற்கு அடியில் இருந்ததைக் கேட்டார். அவர் உதடு வெளுத்துவிட்டது.

"மூணாவது கியர்" என்றார். "ஏத்தத்துல போறான்."